சீட்டக்கா

கொட்டகலை டவுனில் வங்கிகள் இருக்கின்றன, நகை அடகு பிடிக்கிற கடைகள் இருக்கின்றன, ஓட்டோவுக்கு லீசிங் போட்டுத் தருகிறவர்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதெல்லாம் மெயின் ரோட்டோடு சரி. டிரேட்டன் தோட்டத்துப் பக்கமோ ஸ்டோனிகிளிப் தோட்டத்துப் பக்கமோ ஏறிப்போனால் ஆட்சி மாறிவிடும். யாரை எவ்வளவு நம்பலாம், யாருக்கு எப்போது காசு, யாருக்கு எப்போதும் இல்லை என்பதெல்லாம் அங்கே ஒரே இடத்தில்தான் முடிவாகும். லயத்து இஸ்தோப்பில், சீட்டக்காவின் மடியில் இருக்கிற சீஆர் கொப்பியில்.

டிவிஷனுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சொந்தப் பேர் வாக்காளர் இடாப்பிலும் செக்ரோலிலும் மட்டும் இருக்கும். மற்ற இடங்களிலெல்லாம் சீட்டக்கா. அவரைவிட இருபது வயது மூத்த கங்காணிக்கும் அக்காதான். தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் மாறும், ஸ்வெட்டர் மட்டும் மாறாது. முழங்கையில் நூல் பிரிந்த ஊதா ஸ்வெட்டர், அதற்குள்ளே ஒரு சின்னப் பர்ஸ், அதற்குள்ளே இன்னொரு பர்ஸ். காலையில் மற்றவர்களோடு மலைக்குக் கொழுந்துக்குப் போவார், அல்லது பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மாவாக இருப்பார். சம்பளம் போட்ட மறுநாள் சாயந்தரம் மட்டும் அவர் வேறு ஆள். கண்ணாடி மாட்டிக்கொள்வார். அந்தக் கண்ணாடிக்கும் அவருடைய பார்வைக்கும் சம்பந்தமில்லை. சீட்டுக்காசு வாங்கும்போது மாட்டவேண்டியது என்று அவரே வைத்துக்கொண்ட சீருடை அது.

சீட்டு நடக்கிற விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பன்னிரண்டு பேர், மாசம் ஆளுக்கு 5000, மொத்தம் 60,000. முதல் சீட்டு அக்காவுக்கு. மற்றதெல்லாம் குலுக்கல். பால்மா டின்னுக்குள் துண்டுகளைப் போட்டு, பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை எடுத்த பேர் பிடிக்காவிட்டால், ‘இந்தப் பொடியனுக்கு எடுக்கத் தெரியல’ என்று சண்டை. கையெழுத்து இல்லை, பிணை இல்லை, பாரம் இல்லை.

1962-ல் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஜாவாவில் நடக்கும் ‘அரிசான்’ என்கிற இதே சீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிராமத்துப் பொருளாதாரத்திலிருந்து வியாபாரப் பொருளாதாரத்துக்கு ஏறுகிற ஏணியில் இது நடுப்படி, மேலே ஏறியதும் இதற்கு வேலையிருக்காது என்பது அவர் கணிப்பு. அறுபது வருசத்துக்கு மேலாயிற்று. சீட்டக்கா இன்னும் அந்த நடுப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார், மேலே ஏறுகிறவர்களிடமும் கீழே இறங்குகிறவர்களிடமும் தவணை வாங்கிக்கொண்டு.

காசைக் கையில் கொடுத்ததும் அவர் எண்ணமாட்டார். முதலில் மோந்து பார்ப்பார். நோட்டில் கோதுமை மா ஒட்டியிருந்தால் அது குசினி டின்னிலிருந்து வருகிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாது. விபூதி வாசம் என்றால் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது, மாமியாருக்குத் தெரியாது. பூச்சி உருண்டை வாசம் என்றால் கூறைச்சேலை மடிப்பு. பெரிய கஷ்டம் வந்தாலொழிய அதில் கைவைக்கமாட்டார்கள், ஆகவே அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து விசாரிப்பார். ஒரு தரம் எச்சம் ஒட்டிய ஆயிரம் ரூபாய் நோட்டு வந்தது. ‘கோழிக்கூட்டுக் கூரையில சல்லி வைக்கிற புத்தி ஆம்பளைக்குத்தான் வரும்’ என்று சொல்லி, நோட்டைத் தண்ணியில் அலசி ஸ்டவ் பக்கத்தில் காயப்போட்டார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து ‘நூறாயுசு’ என்று சத்தம் வரும். சண்டையும் சமாதானமும் சளியும் பகிரங்கம். இப்படிப்பட்ட வீட்டில் மனுசன் ஒளிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது காசு. புருசன் பெண்டாட்டிக்கு ஒளிக்கிறான், பெண்டாட்டி புருசனுக்கு ஒளிக்கிறாள், கொழும்பில் கடையில் நிற்கிற மகன் இரண்டு பேருக்கும் ஒளிக்கிறான். மூன்று பேரும் ஒளிக்கிற இடம் சீட்டக்கா.

ஆகவே கொப்பியில் சொந்தப் பேர் எழுதும் வழக்கம் கிடையாது. ‘ரோஸ்’, ‘டவுன்’, ‘பழைய பால்காரன்’, ‘கவ்வாத்து’, ‘தொங்கல் வீடு’. கொப்பி கீழே விழுந்து யாராவது எடுத்துப் பார்த்தால் உளவுப் படையின் ஆள்பட்டியல் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த ஒளிப்பை வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, ‘என்ன, புருசன் பொண்டாட்டிக்குள்ள நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குச் சம்பளச் சிட்டை பார்த்துப் பழக்கமில்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ஆனது. மாசத்தில் இருபது நாள் பேர் போட்டால் 27,000. அதில் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) எட்டு வீதம், 2160 போயிற்று. பிறகு சங்கத்துச் சந்தா, கோயில், மரண உதவி, தேயிலைத்தூள், மாச நடுவில் வாங்கிய அட்வான்ஸ், போன தீபாவளிக்கு வாங்கிய அட்வான்சின் தவணை. இந்தத் தீபாவளி வருகிறவரைக்கும் போன தீபாவளி கழிந்துகொண்டே இருக்கும். ஒரு மனுசியின் சம்பளம் இன்னதென்று தெரிந்துகொண்டவர்கள் எல்லோரும் அதிலிருந்து ஒரு துண்டு கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், தெரியாமல் வைத்துக்கொள்வதை எப்படிக் குற்றம் சொல்வது?

இது நேற்று வந்த புத்தியுமில்லை. சீட்டக்காவின் அப்பாயி காலத்தில் கடன் ஆளோடு கூடவே நடந்தது. கங்காணியிடம் வாங்கிய முற்பணம் இவ்வளவு, இதைத் தீர்த்தால்தான் ஆளை வேறு தோட்டத்துக்கு விடலாம் என்று எழுதிக் கொடுக்கிற ‘துண்டு’ இல்லாமல் யாரும் நகர முடியாது. 1921-ல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று வந்தது 1984-ல். வந்த பிறகும், மனைவி மலையில் நிற்க, ஆபீசில் வரிசையில் நின்று அவளுடைய சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனவர் வீட்டுக்காரர். போகிற வழியில் சாராயக் கடை. அந்த வழியே போய்வந்த காசில் மிச்சத்தைப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகள்தாம் இன்று மாவு டின்னுக்குள் கைவிடுகிறார்கள்.

எனக்கென்னவோ, இந்தக் குணத்தை அவநம்பிக்கை என்று சொல்ல மனம் வருவதில்லை. பழக்கம் என்று சொல்லலாம். பழக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, தேவை போன பிறகும் போகாது. அதனால்தான் நல்ல புருசனுக்கும் ஒளிக்கிறார்கள்.

சங்கிலிக் கதையைச் சொல்லாவிட்டால் சீட்டக்காவைப் பற்றிச் சொன்னதாகாது. கொப்பியில் ‘ரோஸ்’ என்றும் ‘டவுன்’ என்றும் எழுதியிருந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கிற புருசன் பெண்டாட்டி. தான் சீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது, மற்றவர் சீட்டில் இருப்பது தனக்கும் தெரியாது. ‘டவுன்’ ஓட்டோ ஓட்டுகிறவர். இஞ்ஜின் கெட்டுப்போன ஒரு சமயம், அலுமாரியில் இருந்த மனைவியின் சங்கிலியை எடுத்துப்போய் அடகு வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மூன்று மாசம் கழித்து ‘ரோஸ்’, மகனுடைய ஏ.எல். டியூசனுக்கென்று, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அந்தச் சங்கிலியை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். கடைக்காரர் கல்லில் ஒரு உரசு உரசினார். பிறகு சிரித்தார். ‘இதோட அண்ணன் எங்கிட்ட இருக்கு’ என்று சொன்னாரோ இல்லையோ, கதை சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ரோஸ் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், நீ எதற்கு அடகுக் கடைக்குப் போனாய் என்ற கேள்வி வரும். அவரும் வாய் திறக்கவில்லை, அவர் வாயைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. கவரிங் சங்கிலி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சீட்டக்காவிடம் வந்து, தீபாவளி மாசத்துச் சீட்டு தனக்கே வேண்டும் என்று கெஞ்சினார்கள். காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

அக்கா இரண்டு நாள் யோசித்தார். ரகசியத்தைச் சொன்னால் தொழில் போய்விடும். சொல்லாவிட்டால் மனம் கேட்கவில்லை. குலுக்கல் நாளில், ‘இந்த மாசத்தச் சரிபாதியாக் குடுக்கப்போறேன், அடுத்த மாசமும் அப்படியேதான்’ என்று அறிவித்துவிட்டு, இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்துக்கு வரச்சொன்னார். ஒருவர் மேட்டு லயம் வழியாக வந்தார், ஒருவர் கோயில் படியேறி வந்தார். இஸ்தோப்பில் முகத்துக்கு முகம் பார்த்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே கேள்வி. ‘நீ என்னா இங்க?’ ‘நீங்க என்னா இங்க?’

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

‘ஆளுக்கு முப்பது. எண்ணிப் பாத்துக்கங்க. சங்கிலி ஒண்ணுதானே, ரெண்டு பேரும் ஒண்ணாவே போங்க. நேரத்தோட போகணும், கடைய மூடிருவான்.’

பவுன் மூன்று லட்சத்தைத் தாண்டிய 2025-ல் இதே கூத்து நடந்திருந்தால் முப்பதும் முப்பதும் எந்த மூலைக்கு? நல்லவேளையாக அது அதற்கு முன்னால் வைத்த அடகு. அன்றைக்கு அவர்கள் ஓட்டோவில் போகும்போது முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே போனதாகக் கேள்வி.

சீட்டக்காவின் பொருளாதார மேதைமைக்கு ஒரே சாட்சி போதும். 2022-ல் நாடு கவிழ்ந்தபோது, செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. மா விலை எங்கேயோ போயிற்று. வருச ஆரம்பத்தில் சீட்டு எடுத்தவர்கள் 60,000 ரூபாய்க்குத் தகரமும் சீமெந்தும் வாங்கிவிட்டார்கள். கடைசியில் எடுக்கவேண்டியவர்களுக்கு அதே 60,000 கிடைத்தது, ஆனால் அதில் பாதிச் சாமான்கூட வரவில்லை. கொழும்பில் மத்திய வங்கி வட்டியை உயர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அக்கா ஒரு கட்டளை போட்டார். முதல் ஆறு மாசத்தில் எடுத்தவர்கள், பின்னால் எடுக்கிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ மா கொடுக்கவேண்டும். முணுமுணுத்தார்கள், கொடுத்தார்கள். முதல் சீட்டு எடுத்த அக்காவும் கொடுத்தார். அவர் கொடுத்த மா கொஞ்சம் பழசு என்று ஒரு பேச்சு உண்டு.

அக்காவுக்குப் பிடிக்காத ஆட்கள் இரண்டு வகை. ஒன்று கிழமைக் கடன்காரர்கள். 2016-ல் நுண்நிதிக்கென்று நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிளில் பையன்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெண்களைக் கூட்டமாக உட்காரவைத்து, ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்துக் கடன் கொடுக்கிறார்கள். ‘அவன் சிரிச்சுக்கிட்டே வருவான் புள்ள. நீ கட்டாட்டி அவன் சத்தம் போடமாட்டான், ஒன் பக்கத்து வீட்டுக்காரியத்தான் சத்தம் போட வைப்பான்’ என்பார். அதே பக்கத்து வீட்டுக்காரிதான் தன்னுடைய சீட்டிலும் இருக்கிறாள் என்பதை அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

இரண்டாவது வகை, ஈ.பி.எஃப். வருகிற மாசத்தில் பாசம் வருகிற பிள்ளைகள். பெண்கள் ஐம்பது வயதில் அந்தக் காசை எடுக்கலாம், ஆண்களுக்கு ஐம்பத்தைந்து. அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளை அதுவரைக்கும் ஒரு மகனும் நினைத்ததில்லை. அந்த வருசம் மட்டும் கொழும்பிலிருந்து கேக் வரும். கேக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் ஓட்டோவுக்கு முன்பணம் கட்ட எவ்வளவு குறைகிறது என்பதையும் கையோடு எழுதிக்கொண்டு வருவான். தாய்மார் இந்தச் சமயத்தில் சீட்டக்காவிடம் ஓடிவருவார்கள். அக்கா பொய் சொல்லத் தயங்குகிற ஆளில்லை. ‘காசு எங்கப்பா வந்துச்சு? ஒங்கம்மா பேர்ல ஒரு எழுத்துப் பெழையாம். திருப்பி அனுப்பியிருக்காங்களாம்.’ செக்ரோலில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பேர் இருப்பது தோட்டத்தில் அநேகம் பேருக்கு உண்டு. அந்தப் பிழையால் வருசக்கணக்காக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அதை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திய பெருமை சீட்டக்காவுக்கே உரியது. கேக் தீரும்வரை காத்திருந்து, மகன் பஸ் ஏறிய பிறகு, காசை நிலையான வைப்பில் போடச்சொல்லித் தாயை வங்கிக்கு அனுப்புவார். வங்கிமீது அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் வங்கியில் போட்ட காசைக் கேட்டு மகன் அழுதால் வங்கி அழாது என்பது அவருக்குத் தெரியும்.

குறையே இல்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். தங்கைக்கு நல்ல மாசம் எப்படியோ விழுந்துவிடும். காசு பிந்தினால் கோயிலில் வைத்துக் கேட்டுவிடுவார், அதுவும் சாமி தூக்கிக்கொண்டு வருகிற நேரத்தில். அதைவிட, சீட்டக்காமார் எல்லோரும் கடைசிவரைக்கும் இஸ்தோப்பிலேயே இருப்பதில்லை. ஒரு நாள் காலையில் கதவு பூட்டியிருக்கும், கேட்டால் மகளைப் பார்க்க வவுனியாவுக்குப் போனதாகச் சொல்வார்கள், மகள் வவுனியாவில் இல்லை என்பது பிறகு தெரியும். சீட்டை ஒழுங்குபடுத்த வெள்ளைக்காரன் காலத்தில் 1930-களிலேயே ஒரு கட்டளைச்சட்டம் வந்திருக்கிறது. அந்தச் சட்டமும் சீட்டக்காவும் இதுவரை சந்தித்துக்கொண்டதில்லை.

புதுசாகக் கல்யாணம் முடித்தவர்களிடம்தான் அவருடைய முழுத் திறமையும் தெரியும். மொய்ப்பணத்தை எண்ணி முடிப்பதற்குள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார். மற்றவர்கள் கேட்கிற கேள்வி, தம்பிக்குச் சம்பளம் எவ்வளவு என்பது. அக்கா அதைக் கேட்பதே இல்லை.

‘தம்பி, யார் யாருக்கு எவ்வளவு குடுக்கணும், சொல்லுங்க பாப்போம்.’

‘அப்படி ஒண்ணும் இல்லக்கா.’

‘ஒண்ணும் இல்லாதவரு கல்யாண மேடையில போன் வந்தா ஏன் எந்திரிச்சுப் போனீங்க?’

மாப்பிள்ளை தலையைச் சொறிவார். தவணைக்கு எடுத்த போன், கூட்டாளியிடம் கைமாற்று, தன் சொந்த அக்காவின் வீட்டுக்காரருக்குப் போட்ட பிணை, எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பெண் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், அப்படி நிற்கவைத்துவிட்டுத்தான் அக்கா கேட்கவே ஆரம்பிப்பார். பிறகு அவள் பக்கம் திரும்புவார். ‘நீ சொல்லு, கார்மென்ட்ல இருந்து வரும்போது கொண்டாந்தது எவ்வளவு? அம்மா கையில குடுத்தது எவ்வளவு?’ இப்போது தலையைச் சொறிவது அவள் முறை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே சீட்டு. இரண்டு பேரும் வந்து நின்றால்தான் காசு வாங்குவார்.

இப்போது சம்பளம் பல இடங்களில் வங்கிக்குப் போகிறது. கார்டு யாரிடம் இருப்பது என்பது அடுத்த சண்டை. ஒரு வீட்டில் இதற்கும் அக்கா தீர்ப்புச் சொன்னார். கார்டு புருசன் பர்ஸில், நம்பர் பெண்டாட்டி மனசில். அவர்கள் மாசம் ஒரு தரம் சோடியாக இறங்கி டவுனுக்குப் போகிறார்கள். மெசினுக்கு முன்னால் அவன் கார்டைப் போடுவான், போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொள்வான். அவள் நம்பரை அழுத்துவாள். காசு வந்ததும் இருவரும் பேக்கரியில் போண்டாவும் பிளேன்டீயும் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் பார்ப்பார்கள். கலியாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு தூரம் ஒன்றாக வெளியே போனதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள்.

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1750 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். கம்பனி கொடுப்பது 1550, வேலைக்கு வந்ததற்காக அரசாங்கம் கொடுப்பது 200. டீவியில் செய்தி முடிவதற்குள் சீட்டக்கா புதுச் சீட்டு ஒன்றுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். 2015 வாக்கில் கேட்க ஆரம்பித்த ஆயிரம் ரூபாய் 2021-ல்தான் கைக்கு வந்தது என்பதை யாரோ நினைவுபடுத்தினார்கள். ‘அது அவங்க கணக்கு. நம்ம கணக்க நாம இப்பவே போட்டு வைப்போம்’ என்றார்.

அவருடைய வீட்டுக் கதையை யாரும் கேட்பதில்லை. நான் ஒருவரிடம் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு சீட்டக்கா இருக்கிறார். அவருடைய கொப்பியில் ‘ஊதா ஸ்வெட்டர்’ என்று ஒரு பேர் உண்டு. வருசக்கணக்காக ஒரு தவணையும் பிந்தாத பேர். நம்ம அக்காவின் வீட்டுக்காரருக்கு அது தெரியாது என்பது அக்காவின் நினைப்பு. அதே கொப்பியில் இரண்டு வரி தள்ளி ‘கண்ணாடிக்காரி புருசன்’ என்று இன்னொரு பேரும் இருக்கிறது.

போன மாசம் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரிய சண்டை. கல்யாணமாகி ஒரு வருசமான சோடி. அவன் தங்கச்சிக்கு அனுப்பிய நாலாயிரத்தை அவள் கேட்கிறாள். அவள் மரக்கறிக் கடையில் வைத்த பாக்கியை அவன் கேட்கிறான். லயமே விழித்துக்கொண்டு கேட்டது. விலக்கிவிட அக்காவின் வீட்டுக்காரர் எழுந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். நாலாயிரம், ஆயிரத்து இருநூறு, அறுநூற்று ஐம்பது என்று தொகை தொகையாக வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் லைட்டைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொப்பியைத் திறந்து அந்தச் சோடியின் பேருக்கு நேரே இருந்த 2500-ஐ அடித்துவிட்டு 5000 என்று எழுதினார்.

‘என்னா செய்ற?’ என்றார் வீட்டுக்காரர்.

‘ரெண்டும் வாயத் தொறந்து தொகையச் சொல்லுதுங்க. இனி பெரிய சீட்டத் தாங்குங்க’ என்றார் அக்கா.